திருப்பிப் போட்ட மூடி

மேசைமேல் ஒரு ஜப்பானிய அரக்குப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் ஓர் ஓவியம்: தன் இறகைத் தானே பிடுங்கி, கணவன் விற்கத் துணி நெய்யும் நாரை. பெட்டியின் முன்பக்கத்தில், நாரையின் மனிதக் கணவன். நெய்யும்போது பார்க்கக் கூடாது என்று நாரை சொல்லியிருந்தும், அவன் கதவிடுக்கில் கண் வைத்திருந்தான். பழைய கதை அப்படித்தான். வருஷக்கணக்காக அவன் பார்வை நாரையின் புண்ணான சிறகுமேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு மழைநாளில் வீட்டுக்காரி அவசரத்தில் மூடியை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுவிட்டாள். இப்போது கணவனுக்கு எதிரே, மூடியின் மறுகோடியில் வரைந்திருந்த வெறும் மூங்கில் புதர்.

“அடியே, எங்கே போயிட்டே? கதைப்படி நான் பார்க்கணும்!”

“கதை கட்டினவன் ஒரு இறகாவது பிடுங்கியிருப்பானா?” என்றது நாரை.

அதற்குள் வீட்டுக்காரி தவறைக் கவனித்து, மூடியைப் பிடித்து இழுத்தாள்.

“மூடியண்ணே, விட்டுடாதீங்க!” என்றது நாரை. அது கெஞ்சல் இல்லை, உத்தரவு. ஈரத்தில் உப்பியிருந்த மூடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

“இதுவும் அழகாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

“அப்போ துணி?” என்று கணவன் அலறினான்.

அலகிலிருந்த இறகை நாரை மறுபடி சிறகில் செருகிக்கொண்டது.

“உங்க முகத்துல தாடி இருக்கே, அதைப் பிடுங்கி நெய்யுங்க.”