தீனித்தொட்டி

நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிக் களைத்து வந்த ஓட்டுநர், கணினி விளையாட்டைத் திறந்தார். அவரும் மச்சினனும் அதில் பன்னிரண்டு டைனோசர்களை வளர்க்கிறார்கள். தீனித்தொட்டி காலியானால், ஆட்கள் உள்ளே இல்லாவிட்டாலும் அவை பட்டினியால் செத்துவிடும். விளையாட்டின் அமைப்பே அப்படி.

தொட்டி நிரம்பியிருந்தது. உடனே விளையாட்டை மூடினார்.

"அதான் இந்த விளையாட்டுல புதுப் பதிப்பு வந்திருக்காமே, மாறிடுங்களேன்" என்றாள் மனைவி.

"இதுங்களை அங்க கொண்டுபோக முடியாது. உன் தம்பி இதுங்க மேல உசுரையே வச்சிருக்கான். பாரு, எனக்கு முன்னாடியே தொட்டியை நிரப்பிட்டான்!"

ஆனாலும் ஆசை விடவில்லை. விடுமுறையன்று மச்சினனுக்குத் தெரியாமல் புதிய பதிப்பில் நுழைந்தார். கடற்கரையில் பெரிய டைனோசர் ஒன்று வழிமறித்தது. அதன் முதுகிலிருந்து பழகிய குரல் கேட்டது.

"மாமா, நீங்களா? நான் வந்து மூணு மாசமாச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"அப்போ பழசுல தீனி போடுறது?"

"நீங்கதானே?"

ஓட்டுநர் மெல்லத் திரும்பினார்.

"தினமும் தீனி போட்டு எனக்கும் அலுத்துப்போச்சுங்க" என்றாள் மனைவி. "விட்டுடலாம்னுதான் இருந்தேன். நேத்துப் பார்த்து ரெண்டு முட்டை பொரிஞ்சு குஞ்சு வந்துடுச்சு."