அட்டை மறைப்பு

வேட்பாளரின் வீட்டை மக்கள் நேரலையில் பார்க்க வேண்டுமாம், புதுச் சட்டம். படுக்கையறையைக்கூட விடவில்லை பாவிகள். என் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்பதை வேட்பாளரான என் கணவரிடம் சொல்ல இருபத்தாறு நாளாக எனக்கு இடமில்லை.

வாக்குச்சாவடியில் ஓட்டு மெஷினை மறைக்கும் அட்டைக்குள் மட்டும் கேமரா கிடையாது.

"கண்ணு சரியாத் தெரியல சார். வீட்டுக்காரர் துணைக்கு வரட்டும்" என்று அதிகாரியிடம் பொய் சொன்னேன். உள்ளே அவர் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

அழுதபடியே வெளியே வந்தார்.

"தோத்துடுவோம்னு பயமா சார்?" என்று டிவிக்காரன் மைக்கை நீட்டினான். தட்டிவிட்டேன்.

"கண்ணு தெரியாதுன்னீங்க, மைக் மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றான், சாவடி நேரலையில் என் பொய்யைக் கேட்டிருந்தவன்.

அட்டைக்குள்ளும் கேமரா வேண்டுமா என்று மாலையே விவாதம் வைத்துவிட்டார்கள்.