இரண்டு பேருக்கான காடு

ஜாதகம் பார்ப்பது போய், பெண்ணும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் காட்டுக்குள் ஒரு வாரம் சேர்ந்து உயிர் பிழைத்துக் காட்டினால்தான் கல்யாணம் என்று ஆகிவிட்ட காலம். ஈரோட்டு மாப்பிள்ளை நிதர்சனுக்கோ, நல்ல நேரம் முடியப் போகிற நேரத்திலும் உள்ளே நுழையவே முடியவில்லை. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றே திரையில் வந்தது.

இணைப்புக் கோளாறு பார்க்கிற சென்னியப்பன் வந்தார். ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். ஃபயர்வாலைத் திறந்தார். கேமை அழித்து மறுபடி ஏற்றினார். ஊகூம்.

"நம்ம பக்கம் கோளாறு இல்லீங்க தம்பி. அங்கிருந்துதான் மறுக்கறாங்க."

நிதர்சனுக்குச் சந்தேகம் வந்தது. பெண்ணுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ?

சென்னியப்பன் சர்வரை எட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "இது ரெண்டு பேருக்கான காடுங்க. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்காங்க."

"ரெண்டாவது ஆள் யாருங்க?"

சென்னியப்பன் பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக் காட்டினார். 'இடம் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வந்தர்றேன்' என்று காலையில் ஹெட்செட் மாட்டிய அம்மா ஷாலினி இன்னும் எழுந்திருக்கவில்லை. திரையில் ஓட்டு வீடு, பட்டி நிறைய ஆடு. பெண் யாழினி கரடியை விரட்டிக்கொண்டிருக்க, அம்மா கறி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெளிய வா! நான் உள்ள போகோணும்."

"இருடா. ஏனம்முணி, அவனை உள்ள உடலாமா?"

ஸ்பீக்கரில் யாழினி கேட்டாள்: "அவருக்கு என்ன வேலைங்க அத்தை தெரியும்?"

அம்மா கறியைத் திருப்பிப் போட்டாள்.

"தெரிஞ்சிருந்தா நான் எதுக்கம்முணி வந்தேன்?"