காணாமல் போகும் பட்டை

"நீ கம்ப்யூட்டர்ல போட்டுக்கொடுத்த லினக்ஸ்ல கீழ இருக்கிற பட்டை மறுபடியும் காணோம்டா. நான் எதையும் தொடலை," என்றாள் அம்மா, போனில்.

"பேனல்தானே, கொண்டுவந்துடலாம். கன்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேர்த்து அழுத்தும்மா. கறுப்பு ஜன்னல் வருதா?"

"வந்துடுச்சு. என்ன அடிக்கணும்னு எனக்கே மனப்பாடம், இரு. ம், பட்டை வந்தாச்சு."

"அப்புறம், வேற என்னம்மா?"

"வாக்கிங் போக வாசல்ல எல்லாரும் காத்திருக்காங்க. இனிமே நானே சரி பண்ணிக்கிறேன்டா. பாவம், உன் உயிரை வாங்க மாட்டேன்."

போன் அடங்கியது. அறையும் அடங்கியது.

காலையில் இங்கிருந்தே அம்மாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அந்தப் பட்டையை எடுத்துவிட்டிருந்தவன், அடுத்த வாரம் எதைக் காணாமல் அடிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.