மூன்றாம் மாடி ஏரிக்கரை

"இன்னிக்கி பொதன், கெளம்பு மாமே" என்று ஜேசுராஜ் வீட்டு வாசலில் நிற்கிறார் ஏகாம்பரம், அம்பத்தூர் ஏரிக்கரைக்குப் போகும் அதே கேன்வாஸ் ஷூவோடு. திங்கள், புதன், வெள்ளி என்று இருவரும் ஆறு வருடமாக நடக்கிறார்கள். பக்கவாதம் வந்தபிறகு ஜேசுராஜுக்கு ஏரிக்கரை இந்த மூன்றாம் மாடி வராந்தாதான். லிப்டிலிருந்து கடைசி வீட்டுச் செருப்பு ஸ்டாண்டு வரைக்கும். வாக்கரின் அலுமினியக் கால்கள் டைல்ஸில் டக்கென்று ஊன்றுகின்றன. இடது பாதம் தேய்ந்துகொண்டே பின்னால் வருகிறது. கிரில் வழியே விழுந்து கிடக்கும் வெயில் கோடுகளை ஒவ்வொன்றாகக் கடக்கிறார். ஏரிக்கரையில் எப்போதும் முன்னால் போகிறவர் ஜேசுராஜ்தான். இங்கேயும் இரண்டடி பின்தங்கியே வரும் ஏகாம்பரம், அங்கே ஒவ்வொரு நடையிலும் சொன்னதையே சொல்கிறார்: "கொஞ்சம் மெல்ல போ மாமே, எனுக்கு மூச்சு வாங்குது." ஜேசுராஜ் திரும்பிப் பார்க்காமல், வாக்கரை இன்னும் ஒரு சாண் தள்ளி ஊன்றுகிறார்.