முதலாவதா, இரண்டாவதா?

"கண்ணத் தொறக்காத, அம்மிணி."

அவள் திறக்கவில்லை. திறக்கத் தெம்பும் இல்லை.

ஹாலின் நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தாள். கையில் சோப்பு ஈரம் இன்னும் காயவில்லை. வாஷிங் மெஷின் உயிரை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. புதிதாக ஒன்று வாங்க எடுத்துவைத்த பணம், நேற்றுக் காலை ஒயராக மாறி வீடு வந்து சேர்ந்தது.

ஒயர் என்றால் சும்மா ஒயர் இல்லை. மலைப்பாம்புத் தடிமன். வெல்வெட் பையில் படுத்துக்கொண்டு வந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு எட்டடி தூரம். அந்த எட்டடியை இது கடந்தால், வீணைக்காரர் எந்த விரலில் நகம் வெட்ட மறந்தார் என்பதுகூடக் கேட்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்திருந்தார்.

ஐந்து மணிக்கு அவர் வருவார். பிடித்திருந்தால் ஒயர் இங்கே தங்கும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போவார்.

தீர்ப்பு அவளுடையது.

இருபத்தாறு வருடமாக அந்த வீட்டுச் சட்டம் அதுதான். அவள் காதுக்கு வித்தியாசம் தெரிந்தால் சாமான் தங்கலாம். தெரியாவிட்டால் நடையைக் கட்டலாம். சட்டத்தை இயற்றியவர் கணவர். நியாயவான் என்று பெயரெடுக்க.

இதுவரை ஒரு சாமான்கூட நடையைக் கட்டியதில்லை.

அவள் காது அப்படி. ஊசி விழுந்தால் மற்றவர்களுக்கு ஊசி விழுந்தது கேட்கும். அவளுக்கு எந்த முனை முதலில் விழுந்தது என்பது கேட்கும். கோயமுத்தூர் ஜில்லாவின் வவ்வால்களெல்லாம் அவளிடம் டியூஷன் சேர வேண்டும். இப்படித்தான் அவர் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்கள் பொறாமையில் வெந்தார்கள்.

பழைய ஒயரில் வீணை ஒரு நிமிடம் பாடி முடித்திருந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். மாற்ற வேண்டும்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து. பக்கவாட்டில் நுழைந்தார். குனிந்தார்.

பாதியில் இடுப்பு நின்றுவிட்டது.

மேலே வரவில்லை. கீழேயும் போகவில்லை. அறுபத்தெட்டு வயதும் ஒரே எலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. சுவரைப் பற்றி, மூச்சை அடக்கி, ஒரு யுகம் கழித்து நிமிர்ந்தார்.

ஒயர் பையிலேயே கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

வெளியே வந்தார். அதே வீணையை அதே பழைய ஒயரில் மறுபடி போட்டார்.

ஒரு நிமிடம்.

"இப்பச் சொல்லு. முதலாவதா, ரெண்டாவதா?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நீங்க மாத்தவே இல்லீங்ளே."

அவருக்குப் புல்லரித்துவிட்டது. இடுப்புகூட மறந்துபோனது. வவ்வாலாவது ஒன்றாவது!

"அடேங்கப்பா! எப்படிக் கண்டுபுடிச்ச?"

"முருகான்னு சத்தம் வரலீங்க."

"என்ன சத்தம்?"

"குனியறப்ப வருமில்லீங்க. ஒரு முருகான்னா ஒயரு. ரெண்டு முருகான்னா பொட்டியவே மாத்தியிருக்கீங்க. அதை வெச்சுத்தான நான் சொல்றது."

"அப்ப பாட்டு?"

"பாட்டுக்கென்னங்க. எல்லாமே நல்லாத்தான் இருக்குது."

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடத்துச் சாமான்களும் வரிசையாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க. நான் மாத்தறேன். இத்தனை ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து, கேக்காமயே குடுத்தனுப்புனா ஆறு மாசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பீங்க."

"உனக்கெங்க தெரியும், எதை எதுல—"

"செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. நீங்கதான உள்ள நின்னு முனகுவீங்க."

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ண மூடுங்க."

மூடினார்.

வளையல் சுவரில் உரசியது.

முட்டி ஒன்று சொடுக்கியது. பிறகு மற்றது.

தரையில் கை ஊன்றும் சத்தம்.

ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர நேரமானது. வந்தது, பாதியில் நின்றது. அவர் காத்திருந்தார். மீதிப் பாதி வந்தது.

ஏதோ நழுவி விழுந்தது. தேடி எடுத்தாள். மறுபடியும் அந்த மூச்சு.

"மாட்டியாச்சுங்க. போடுங்க."

குரல் தரையோடு தரையாக வந்தது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவர் விரல் ரிமோட்டின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"பழசுதான் நல்லா இருக்குது, அம்மிணி," என்றார்.