நாலாவது செடி

"மூணாவதும் காஞ்சு போச்சுங்க" என்று வாடிய செடியை நர்சரிக்காரர் முன்னால் வைத்தார் தபால்காரர்.

நர்சரிக்காரர் வேரை நசுக்கிப் பார்த்தார். "காயல சார், அழுகியிருக்கு. எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?"

"தினம் சாயங்காலம் ஒரு கூஜா."

"தினமுமா? இது வறண்ட மண்ணுச் செடி சார், வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும். குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல, இப்படிக் கொட்டச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மிச்சமாகுது. சாக்கடையில ஊத்த மனசு வரல."

"மிச்சமாகுதுன்னா குறைச்சுப் பிடிங்க சார்!" என்று நாலாவது செடியைக் கொடுத்தார் நர்சரிக்காரர்.

தபால்காரர் தலையாட்டிவிட்டு வந்து, வாசலில் செடியை நட்டார்.

சாயங்காலம் படுக்கையறைக்குப் போனார். மனைவியின் கட்டிலருகே, காலையில் அவர் நிரப்பி வைத்த கூஜா வைத்தது வைத்தபடி இருந்தது. வேளாவேளைக்கு மாத்திரை போட அவளுக்கு முழுக் கூஜா வேண்டும். அவள் கண்ணை மூடி ஐந்து மாதமாகியும் அவருக்கு அந்தக் கைப்பழக்கம் விடவில்லை.

கூஜாவும் டம்ளருமாக வாசலுக்கு வந்து செடியைப் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து, டம்ளர் டம்ளராக ஊற்றி அவரே குடித்து முடித்தார்.